லண்டன் காட்சிசாலையில் ஒரு திருவாதிரை

மார்கழித் திருவாதிரையன்று காலை ஒன்பது மணிக்கு லண்டன் விடுதியிலிருந்து புறப்பட்டோம். வெளியே இன்னும் சரியாக விடிந்தபாடில்லை. நான் பாளையங்கோட்டைக்காரன், பாரிஸ்டர் படிப்புக்கு வந்தவன். உடன் வந்தவர் தச்சநல்லூர் அண்ணாச்சி. வெள்ளைக்காரர் வயிற்றைச் சுத்தம் செய்யும் நம் நிலாவரை இலையை மருந்துக் கடைகளுக்கு விற்க வந்திருந்தார்.

ஊரில் இந்நாளில் நெல்லைக் கோயில் தாமிர சபையில் நடராஜரைத் தரிசித்து, களி நைவேத்தியமான பிறகுதான் அவர் வாயில் தண்ணீர் படும். இங்கும் அப்படியே இருப்பதாக வீட்டம்மாளிடம் வாக்குக் கொடுத்துவிட்டுக் கப்பலேறியவர். விடியுமுன் தன் கையாலேயே களி கிண்டித் தூக்குப்பாத்திரத்தில் எடுத்துக்கொண்டார்.

"இவ்வளவு பெரிய பட்டணத்துல நம்ம சாமி ஒண்ணு இல்லாமலா போகும்? பைய தேடுவோம் வே" என்றார்.

மோட்டார் பஸ்ஸில் ஆளுக்கு ஒரு பென்னி, அதாவது ஓரணா. பத்து மணிக்கு செயின்ட் பால் ஆலயம் சேர்ந்தோம். அதன் கோபுரத்துக்குள் வட்டமான மாடம் ஒன்று உண்டு; ஏறிப் பார்க்க ஆறு பென்னி. ஒரு பக்கச் சுவரோரம் முணுமுணுத்தால் எதிர்ப்பக்கத்தில் தெளிவாகக் கேட்கும். போகிறவர்கள் தவறவிடக் கூடாது. நான் காதை வைத்தேன். அந்தப் பக்கமிருந்து, "பசிக்கத்தான் செய்யுது வே" என்று வந்தது.

பகலில் ஓவியசாலை. கட்டணமில்லை. அண்ணாச்சி படங்களைப் பார்க்காமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டாலும் எழுந்திருக்கவில்லை. பாலாவது குடியுங்கள் என்று கெஞ்சினேன், கேட்கவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

இரண்டரை மணிக்கு, பல தேசத்துப் பழஞ்சிலைகளை வைத்திருக்கும் ஒரு காட்சிசாலைக்குப் போனோம். வாசலில் குடைகளை வாங்கிக்கொண்டு எண் போட்ட வில்லை கொடுக்கிறார்கள். அண்ணாச்சி அதைப் பார்த்ததும் நம் கோயில் வழக்கப்படி பூட்ஸைக் கழற்றி நீட்டினார். அந்த ஆள் ஒரு கணம் திகைத்துவிட்டு, பூட்ஸுக்கும் ஒரு வில்லை கொடுத்தார்! நானும் கழற்றிக் கொடுத்தேன். இருவரும் கம்பளிக் காலுறையோடு உள்ளே நடந்தோம்.

ஏழெட்டு அறைகள் தாண்டி, ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள், முழ உயரத்தில் நடராஜர். அண்ணாச்சி கைகூப்பினார். கண்ணீர் வழிந்தது. அதற்குள் நாலு மணியாகி, மூடும் மணி அடித்துவிட்டது. அண்ணாச்சி மேல்கோட்டுக்குள்ளிருந்து தூக்கை எடுத்தபோது வயதான காவலர் ஒருவர் வந்து நின்றார்.

"இங்கே சாப்பிடக் கூடாது, ஐயா."

"இவர் சாப்பிடவில்லை. சுவாமிக்குக் காட்டுகிறார்" என்றேன்.

காவலர் எங்கள் கால்களைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். "அடுத்த அறை ஜன்னல்களை முதலில் சாத்திவிட்டு வருகிறேன்" என்று சொல்லிப் போய்விட்டார்.

மூடியைத் திறந்து, பெட்டிக்கு முன் காட்டி, மூடினோம். அவ்வளவுதான் பூஜை. வெளிப்படியில் உட்கார்ந்துதான் அண்ணாச்சி தூக்கைத் திறந்தார். வேலை முடிந்து வந்த காவலருக்கே முதல் பிடி. அவர் மென்று பார்த்து, நன்றாயிருக்கிறது என்றார்.

நெல்லையில் இன்று காலை பிரசாதத்துக்கு நெரிசலாக இருந்திருக்கும். இங்கே நாங்கள் மூன்றே பேர். இருந்தும் எனக்கு ஒரு குறையும் தோன்றவில்லை.

"நான் தை மாசம் ஊருக்குப் போயிருவேன். அடுத்த திருவாதிரைக்குச் சாமிய பட்டினி போட்டுராதீரும்னு இவர்ட்ட சொல்லும் வே."

சொன்னேன். காவலர் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்து, தம் மனைவி அரிசியும் பாலும் சர்க்கரையும் போட்டு ஒரு பண்டம் செய்வாள், அது ஆகுமா என்று கேட்டார்.

அண்ணாச்சி விரலில் ஒட்டிய களியை வழித்துக்கொண்டே சொன்னார்: "முட்டை சேக்காம இருந்தாச் சரி. சாமி சாப்பிடும்."