ஏரியில் திரும்பிய படகு

அந்தப் புகைப்படத்தில் ஏழு வெள்ளைப் பாய்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றன. பின்னால் புல்கூட முளைக்காத மலை. வளைகுடாப் பாலைவனத்து அணைக்கட்டு ஏரியில் நடந்த பாய்மரப் படகுப் போட்டி அது. வாப்பாவின் தம்பியான எங்கள் சாச்சா, அதிராம்பட்டினத்திலிருந்து போய் அந்தப் படகு கிளப்பில்தான் வேலை பார்த்தார். ஏரி இப்போது வற்றிவிட்டது, கிளப்பையும் மூடிவிட்டார்கள். அந்தப் போட்டிகளின் வரலாற்றை எழுதியே தீருவது என்று கிளம்பி, பழைய உறுப்பினர்களுக்கெல்லாம் மெயில் தட்டினேன். காற்றையும் கோப்பையையும் பற்றிப் பக்கம் பக்கமாகப் பதில் வந்தது. சாச்சாவை ஒருவர் மட்டும் ‘போட் பாய்’ என்று நினைவு வைத்திருந்தார். அப்போதே சாச்சாவுக்கு நாற்பது வயது.

போட்டியில் அவரை ஏற்றியது எடைக்காக. படகு சாயும்போது எதிர்ப்பக்கம் உடம்பை வெளியே தள்ளித் தொங்க ஒரு ஆள் வேண்டுமே! சுக்கான் பிடிப்பவர் பெயர்தான் வெற்றிப் பலகையில் ஏறும். ஒரே ஒரு தடவை, வழக்கமாகச் சுக்கான் பிடிக்கும் கிளப் மேனேஜருக்குக் கை சுளுக்கிக்கொள்ள, சுக்கான் சாச்சாவிடம் வந்தது. ஜெயித்தால் பலகையில் உன் பெயர் என்றும் சொன்னார்கள். கடைசிச் சுற்றில் அவர்தான் முன்னால். அப்போது பின்னால் ஒரு படகு கவிழ்ந்தது.

அந்த ஏரியில் படகு கவிழ்வது ஒரு விஷயமே இல்லை. எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் உண்டு, காவலுக்கு மோட்டார் படகும் உண்டு. சாச்சா அதை வாராவாரம் பார்த்தவர்தான். ஆனால் அன்றைக்கு சுக்கான் அவர் கையில் இருந்தது. எங்கள் கடலில் எவன் படகு கவிழ்ந்தாலும் பக்கத்தில் இருப்பவன் வலையை அறுத்துவிட்டுக் காப்பாற்றப் போகவேண்டும். அவர் திரும்பிவிட்டார். கரையில் சிரித்தார்களாம். தண்ணீரிலிருந்து தூக்கப்பட்ட ஆளே திட்டினானாம்.

லீவில் வந்தபோது இதைச் சொன்னார். நான் அப்போது பள்ளிக்கூடம். “லூசா சாச்சா நீங்க? நேரா போயிருந்தா பேரு வந்திருக்கும்ல?”

“போயிருக்கலாம்தான்டா” என்று சோற்றைப் பிசைந்தார்.

“பேர வச்சுக் கொழம்பா வைக்கப் போற? மனுசன சாப்புட விடுடா” என்றார் உம்மா.

போன மாதம் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில், அவர் கட்டிலருகே லேப்டாப்பைத் திறந்துகொண்டு உட்கார்ந்தேன். டாக்டர் நாள் கணக்குதான் சொல்லியிருந்தார். பலகையில் இல்லாத பெயரை நானாவது எழுதிவிட வேண்டும்.

“அது எந்த வருசம் சாச்சா?”

“அதெல்லாம் எவனுக்குடா ஞாபகம்.”

“யாரைத் தூக்குனீங்க?”

“யாரோ ஒரு வெள்ளக்காரன். நல்ல கனம்.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “கையப் புடிச்சேன் பாரு, சூடா இருந்துச்சுடா. ஒங்க வாப்பா கை அப்படி இல்ல.”

எனக்கு மூன்று வயதில் வாப்பாவின் படகு கவிழ்ந்தது. தேடிப்போன சாச்சா போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. எங்கள் வீட்டில் அதை யாரும் பேசியதில்லை. நான் லேப்டாப்பை மூடினேன்.

நாலாம் நாள், அடக்கம் செய்யும் முன் அவரைக் குளிப்பாட்டினார்கள். அவர் வலது கையை என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். பிடித்துக்கொண்டேன்.