கடல்சிங்கக் குளத்தில் நான் கேட்ட ரீங்காரம்

போன வருடம் மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை. டுசல்டோர்ஃபிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் தள்ளி இருக்கும் ஒரு சின்ன மிருகக்காட்சி சாலையில், கடல்சிங்கக் குளத்தின் ஓரமாக, ஈரத் தரையில் பிளாஸ்டிக் பையை விரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தேன். மடியில் லேப்டாப், காதில் ஹெட்போன். தண்ணீருக்குள் இறக்கிவிட்ட மைக்கின் ஒயர் கையில். ஏதோ பெரிய மீனைப் பிடிக்கப் போகிறவள் மாதிரி இருந்திருப்பேன்.

நான் மதுரையிலிருந்து இங்கே மாஸ்டர்ஸ் படிக்க வந்தவள். படிப்பு ஒலி சம்பந்தப்பட்டது. பைத்தியம் ஓர்கா சம்பந்தப்பட்டது. அந்தக் கறுப்பு வெள்ளை ராட்சசனைத்தான் சொல்கிறேன். தமிழில் கொலைகாரத் திமிங்கிலம் என்று பெயர் வைத்துப் பயமுறுத்தி வைத்திருக்கிறோம். கடலில் அவை குடும்பம் குடும்பமாக, ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டே திரியும். கண்ணைவிடக் காதுதான் அவற்றுக்குப் பெரிது. அப்படிப்பட்டதைக் கான்கிரீட் தொட்டியில் வைத்தால், சுவர் சுவராக எதிரொலியும், ஓயாத பம்பு சத்தமும்தான் அதன் உலகம். தொட்டியிலேயே பிறந்து வளர்ந்ததைக் கடலில் விட்டால் பிழைக்குமா என்பது இன்னும் தீராத சண்டை. அந்தச் சண்டை தீரும்வரை, இருக்கிற இடத்தையாவது கொஞ்சம் அமைதியாக்கித் தரலாமே என்பதுதான் எங்கள் மாணவர் குழுவின் கோரிக்கை. மொத்தம் ஆறு பேர். கோபத்துக்கு மட்டும் அறுபது பேர் கணக்கு.

ஜெர்மனியில் ஓர்கா கிடையாது. அதனால் வெளிநாட்டில் ஓர்கா வைத்திருக்கும் ஒரு கடல் பூங்காவுக்கு எழுதினோம். ஒரு வருடம் விடாமல் எழுதினோம். கடைசியில் அவர்களுடைய கால்நடை மருத்துவர் இறங்கி வந்தார். தொட்டிக்குள் மைக் இறக்கி அளந்து பார்க்க அனுமதிப்பதைப் பற்றி வெள்ளிக்கிழமை வீடியோவில் பேசலாம், அதற்கு முன் நீங்கள் எப்படி அளப்பீர்கள் என்று மாதிரிக்கு ஓர் அறிக்கை காட்டுங்கள் என்றார். யாருக்கும் அவர்கள் திறக்காத கதவு அது. அந்த அறிக்கைக்காகத்தான் கடல்சிங்கக் குளம்.

என் பேராசிரியரின் கடிதத்தைக் காட்டியதும் மிருகக்காட்சி சாலையில் தாராளமாக அனுமதித்தார்கள். கூட்டம் இல்லாத திங்கட்கிழமை வா என்றார்கள். கதவைத் திறந்துவிட்டவள் அங்கே விலங்குகளைப் பராமரிக்கும் பெண். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், கையில் மீன் வாளி. பேப்பரில் என் பெயரைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"தமிழோ?"

"ஆமா. நீங்களுமா?"

"ஓம். அப்பா அம்மா யாழ்ப்பாணம். நான் இஞ்சதான் பிறந்தது."

இரண்டு நிமிடத்தில் வயது விசாரித்தோம். என்னைவிட நான்கு மாதம் மூத்தவள். "அப்ப அக்கா எண்டு கூப்பிடோணும், சரியோ?" என்று சொல்லிவிட்டு, சுவரிலிருந்த மின்சார பிளக்கைக் காட்டிவிட்டு, மீன் வெட்டப் போய்விட்டாள்.

அந்த பிளக் எனக்கு மிகவும் தேவைப்பட்டது. என் லேப்டாப் பேட்டரி செத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. சார்ஜரைச் செருகினால்தான் உயிர் வரும். செருகினேன், மைக்கை இறக்கினேன், ஹெட்போனை மாட்டினேன்.

ம்ம்ம்ம்ம்ம்.

ஓயாத ரீங்காரம். கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஓடுமே, அதைத் தலையணைக்குள் வைத்து அமுக்கினது போல. பம்பு. வேறென்ன? எனக்கு ஆத்திரம் வந்தது. உண்மையைச் சொன்னால், ஆத்திரத்துக்கு அடியில் கொஞ்சம் சந்தோஷமும் வந்தது. தேடி வந்தது கிடைத்துவிட்டதே. இரண்டு மணி நேரம் பதிவு செய்தேன். காதில் ஒரு வெட்டுத் தழும்பு இருந்த வயதான பெண் கடல்சிங்கம் ஒன்று, கல்மேல் படுத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. 'கவலைப்படாதே, உனக்காகத்தான் வந்திருக்கிறேன்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை மதியத்துக்குள் அறிக்கை தயார். பதினொரு பக்கம். வண்ண வரைபடங்கள். எங்கள் குழுவை ஒருங்கிணைப்பவன் சட்டம் படிக்கும் ஜெர்மன் நண்பன். வெள்ளிக்கிழமை கூட்டம் என்றால் அதற்கான காகிதம் மூன்று நாள் முன்னதாகப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்பது அவனுக்கு வேத வாக்கு. நான் அனுப்பிய ஒரு மணி நேரத்துக்குள் பூங்காவின் மருத்துவருக்கு அதை அனுப்பிவிட்டு, கட்டை விரல் படம் ஒன்றை எனக்கு அனுப்பினான்.

புதன்கிழமை, அறிக்கையின் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு மறுபடி மிருகக்காட்சி சாலைக்குப் போனேன். நன்றி சொல்லப் போனதாகத்தான் சொல்லிக்கொண்டேன். பாராட்டு வாங்கப் போனேன் என்பதுதான் சரி. அவள் கையைத் துடைத்துவிட்டு, மீன் அறை வாசலில் நின்றபடியே படித்தாள். நான்காவது பக்கத்தில் நின்றுவிட்டாள்.

"பராமரிப்பாளர்கள் இச்சத்தத்தைக் கவனித்ததாகத் தெரியவில்லை," என்று என் ஆங்கில வரியைத் தமிழாக்கிச் சொன்னாள். "இது என்னையோ?"

"பொதுவா எழுதினது…"

"இஞ்ச பராமரிக்கிறது நானும் இன்னொராளும்தான். பொதுவா எண்டு ஒருத்தரும் வேலை செய்யிறேல்ல."

அவள் முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போனாள். தேதியையும் நேரத்தையும் விரலால் தொட்டாள்.

"திங்கள் காலமை ஒன்பதிலிருந்து பதினொண்டுவரை. இந்த நேரத்திலயோ பம்பு சத்தம் கேட்டது?"

"ஆமா. முழுக்க."

"அண்டைக்கு பம்பு ஓடேல்லை."

"என்னது?"

"திங்கள்ல ஆக்கள் வரமாட்டினம். அதால மாதத்தில ஒரு திங்கள் எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டு ஃபில்டர் கழுவுறது. எட்டு மணிக்கு நான்தான் நிப்பாட்டினனான். பன்னிரண்டுக்குப் பிறகுதான் போட்டது."

கூட்டம் இல்லை என்று நான் தேர்ந்தெடுத்த அதே திங்கட்கிழமையை, அதே காரணத்துக்காக அவர்களும் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பம்பு ஓடுகிறதா என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்கவே தோன்றவில்லை.

"அப்ப நான் கேட்டது என்ன?" என்றேன்.

"என்னைக் கேட்டா? நீங்கள்தானே சத்தம் படிக்கிற ஆள்."

நான்காவது பக்கத்து வரிக்கு அது சரிக்குச் சரியாகப் போயிற்று.

அங்கேயே ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து யோசித்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சுவரில் வரும் மின்சாரம் நொடிக்கு ஐம்பது தடவை முன்னும் பின்னும் ஊசலாடும். மட்டமான சார்ஜர் என்றால் அந்த அதிர்வு ஒயர் வழியாகப் பதிவுக்குள் புகுந்து ரீங்காரமாகக் கேட்கும். முதல் வருட மாணவனுக்கு முதல் வாரம் சொல்லித்தரும் எச்சரிக்கை இது. ஜூனியர்களுக்கு நானே வகுப்பெடுத்துச் சொன்னது. நான் பதினொரு பக்கத்துக்குக் கண்ணீர் விட்டது கடல்சிங்கத்துக்காக இல்லை. என் லேப்டாப் சார்ஜருக்காக.

சொன்னதும் அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் உள்ளே போய், மீன் இருப்பைப் பதிவு செய்யும் அலுவலக லேப்டாப்பைக் கொண்டுவந்து நீட்டினாள். "இது பேட்டரியில ஓடும். நல்லாத் துடைச்சுத்தான் தாறன், ஆனாலும் கொஞ்சம் மணக்கும்."

மத்தி மீன் வாசனையோடு மறுபடி குளத்தோரம் உட்கார்ந்தேன். இப்போது பம்பு ஓடிக்கொண்டிருந்தது. மைக்கை இறக்கினேன். எங்கோ தூரத்து அறையில் ஃபேன் சுற்றுவது போல ஒரு மெல்லிய சத்தம். அவ்வளவுதான். என் வரைபடத்தில் மலை மலையாக எழுந்து நின்ற ரீங்காரம் போன இடம் தெரியவில்லை. நீர்க்குமிழி உடைவதுகூடக் கேட்டது.

அந்த அமைதியில்தான் இன்னொன்று கேட்டது. டக். கொஞ்சம் விட்டு, டக் டக்.

ஹெட்போனை அவள் காதில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு ஹெட்போனை என்னிடம் தந்துவிட்டு, பூட்ஸோடு படியிறங்கி, இந்தக் குளத்துக்கும் கட்டடத்துக்குள் இருக்கும் உள்குளத்துக்கும் நடுவே உள்ள இரும்புக் கதவைக் கையால் இறுக்கிப் பிடித்தாள். சத்தம் நின்றது. விட்டாள். டக். தண்ணீர் ஓட்டத்தில் கதவு லேசாக ஆடி, சட்டத்தில் இடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. மேலே நிற்கிறவர்களுக்குத் துளியும் கேட்காது.

"இவள் உள்குளத்துக்குப் போகமாட்டன் எண்டு அடம்பிடிக்கிறவள்," என்றாள், தழும்புக் காதுக்காரியைக் காட்டி. "கிழவிக்குக் குணம் அப்பிடி எண்டு நினைச்சன்." ஸ்டோர் ரூமில் தேடி, ஒரு பழைய சைக்கிள் டியூபைக் கொண்டுவந்து வெட்டி, கதவு இடிக்கும் இடத்தில் சுற்றிக் கட்டினாள். நான் பிடித்துக்கொள்ள, அவள் கட்ட, இருவருக்கும் இடுப்புவரை ஈரம். மறுபடி கேட்டோம். டக் இல்லை.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "அந்த வரியை எடுத்துப்போடுங்கோ, காணும்," என்றாள். அது மட்டும் போதுமாம். பிறகு கடல்சிங்கத்தைப் பார்த்து, "சார்ஜர் கதையை ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். இவளுக்கு மட்டும் சொல்லிப்போட்டன்," என்றாள்.

எடுத்துப்போட ஒரு வரி மட்டுமா இருந்தது? மொத்த அறிக்கையும் ஏற்கனவே வெளிநாட்டில் இருந்தது. வியாழக்கிழமை என் நண்பனிடம் சொன்னேன். ஒரு வருட வேலை. இதைச் சொன்னால் அவர்கள் சந்தோஷமாகக் கதவைச் சாத்திவிடுவார்கள், சொல்லாவிட்டால் அவர்களுக்குத் தெரியவா போகிறது என்ற எண்ணம் இருவருக்குமே வந்தது. இரண்டு பேருமே வாய்விட்டுச் சொல்லவில்லை. கடைசியில் அவன், "கூட்டத்தில் முதல் விஷயமாக இதைப் போடுகிறேன். நீதான் பேச வேண்டும்," என்றான்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணி. திரையில் அந்த மருத்துவரும், பூங்காவின் பம்புகளைக் கவனிக்கும் டெக்னீஷியனும். நீங்கள் படித்த அறிக்கை தவறு, நான் பதிவு செய்தது என் சார்ஜரின் சத்தம் என்று ஆரம்பித்தேன். திங்கட்கிழமை பதிவையும் புதன்கிழமை பதிவையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினேன். கதவு இடித்ததையும், சைக்கிள் டியூபையும் சொன்னேன். மருத்துவர் எதையோ எழுதிக்கொண்டே இருந்தார். டெக்னீஷியன்தான் முதலில் வாயைத் திறந்தார். அவரும் ஒருமுறை இதே மாதிரி ரீங்காரத்தைத் தேடி ஒரு நல்ல மோட்டாரை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிவிட்டாராம். "எங்கள் இரும்புக் கதவுகளையும் நீங்கள் கேட்பீர்களா?" என்றார்.

மூன்று வாரம் கழித்து அனுமதி வந்தது. இரண்டு நிபந்தனைகள். பம்பு ஓடும்போதும் நிறுத்திய பிறகும் தனித்தனியாக அளக்க வேண்டும், டெக்னீஷியன் கூடவே இருப்பார். எனக்கு அந்த நிபந்தனைகள்மேல் கோபமே வரவில்லை. நானே கேட்டிருக்க வேண்டியவை.

புதுப் பேட்டரி போட்டுக்கொண்டு ஜூனில் போனோம். அங்கே பம்பு நிஜமாகவே உறுமியது. டெக்னீஷியன் அதை என் ஹெட்போனில் கேட்டார். நிறுத்திவிட்டும் கேட்டார். அந்த நிசப்தத்துக்குள் ஓர்கா ஒன்று நீளமாக, இழுத்து, கதவு கீச்சிடுவது போலத் தொடங்கி விசிலாக முடியும் ஒரு குரலில் கூப்பிட்டது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து இன்னொன்று பதில் சொன்னது. இருவரும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டோம்.

இலையுதிர் காலத்தில் பம்புகளுக்கு அடியில் தடித்த ரப்பர் மெத்தை போட்டார்கள். இரவில் வேகத்தைக் குறைத்து ஓட்டுகிறார்கள். தொட்டி இன்னும் தொட்டிதான், கடல் ஆகிவிடவில்லை. ஆனால் முன்பைவிட அமைதியான தொட்டி. ஆழமான புதுத் தொட்டி பற்றிய அடுத்த கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறோம்.

என் நான்கு மாத அக்கா அவ்வப்போது படம் அனுப்புவாள். தழும்புக் காதுக்காரி இப்போது உள்குளத்தில், அந்தக் கதவோரமாகவே மிதந்தபடி தூங்குகிறாளாம். சைக்கிள் டியூப்தான் காரணம் என்று அவள் அடித்துச் சொல்கிறாள். நான் சொல்லமாட்டேன். இன்னும் சில மாதம் பார்க்க வேண்டும் என்பேன். "உங்களோட கதைக்க ஏலாது," என்று பதில் வரும்.

ஒரு உயிருக்காகப் பேச வேண்டும் என்றால் முதலில் அதைக் கேட்க வேண்டும், நான் அந்தத் திங்கட்கிழமை கேட்டதெல்லாம் என்னைத்தான். அதனால் இன்றும் எதைப் பற்றியாவது கோபமாக எழுத உட்காரும்போது, முதலில் எழுந்து போய் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, கொஞ்ச நேரம் சும்மா இருந்து கேட்டுவிட்டுத்தான் முதல் வரியை எழுதுகிறேன்.