கடலில் சொல்லாத பெயர்

கிடியன் ஹால்க்ரோ கடலில் இருக்கும்போது மூன்று பேரை வாயால் சொல்ல மாட்டார்: போதகர், பூனை, பெண்டாட்டி. போதகரை ‘நிமிர்ந்து நிற்கிறவர்’ என்பார். பூனையைப் ‘பாதக்காரி’ என்பார். பெண்டாட்டி ஒஸ்லாவை ‘வீட்டுக்காரி’ என்பார். எங்கள் ஷெட்லாந்துத் தீவுகளில் அவருடைய அப்பா காலத்து மீன்பிடிக்காரர்கள் எல்லோரும் இப்படித்தான் பேசினார்கள். கரையில் இருப்பதன் பெயர் கடலின் காதில் விழுந்தால் அதைக் கடல் கேட்டு வாங்கிக்கொள்ளும் என்று பயம். இப்போதைய ஆட்களுக்கு அந்தப் பயமும் இல்லை, அந்தப் பேச்சும் இல்லை. கிடியனிடம் இரண்டும் மிச்சம் இருந்தன.

முதுகு சொன்னபடி கேட்காமல் போனதும் மீன்பிடிப் படகை விற்றுவிட்டு ‘டிரிக்’ என்ற பாய்மரப் படகை வாங்கினார். கோடையில் வெளியூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு தீவு தீவாகப் போவார். அவர்களுக்கு ஏதாவது ஒரு பழைய சுவர் வேண்டும், இடிந்திருந்தால் இன்னும் நல்லது. கிடியனுக்கு நங்கூரம் பிடிக்க நல்ல மணல் வேண்டும். துறையை விட்டுக் கிளம்பும்போது சூரியன் போகிற பக்கமாக, அதாவது வலப்பக்கமாகத்தான் படகைத் திருப்புவார். அதற்கு இடமில்லை என்றால் இடம் கிடைக்கும்வரை பின்னுக்கே போவார். வந்தவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார்.

படகில் சமையல் ஒஸ்லாவுடையது. கரையேறினால்தான் அவள் ஒஸ்லா.

“வீடு அங்க பூட்டிக் கிடக்கு. வீட்டுக்காரி இங்க உக்காந்து உருளைக்கிழங்கு உரிக்கிறேன். உன் கடலுக்கு என்ன, கண்ணு தெரியாதா?” என்பாள்.

“கண்ணு இருந்தா இருந்துட்டுப் போகட்டும். காதுதான் நமக்கு வம்பு,” என்பார் கிடியன்.

அந்த ஜூலையில் மூசா தீவுக்கு எதிரே நங்கூரம் போட்டிருந்தார்கள். அங்கே கடலோரமாக ஒரு பழைய கல் கோபுரம் நிற்கிறது. வந்திருந்த பயணிகளைச் சின்னத் துடுப்புப் படகில் கொண்டுபோய் இறக்கிவிட்டு ஒஸ்லா தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தாள். முழங்கால் வலியால் இறங்காத பெட்டிஃபர் என்ற ஓய்வுபெற்ற வாத்தியார் மட்டும் கிடியனோடு டிரிக்கில் இருந்தார். ஒஸ்லா பாதி வழி வந்திருப்பாள், மூடுபனி இறங்கிவிட்டது. கோபுரம் போயிற்று, தீவு போயிற்று, கடைசியில் டிரிக்கின் முன்முனையே கண்ணுக்குத் தெரியவில்லை. நீரோட்டமோ திரும்பி வெளிக்கடலை நோக்கி இழுக்கத் தொடங்கியிருந்தது.

பனியில் எச்சரிக்க வைத்திருந்த ஊதுகுழலை எடுத்துக் கிடியன் அதன் பொத்தானை அழுத்தினார். அது ஒரு முறை விக்கிவிட்டு அடங்கிப் போயிற்று. எஞ்சினைப் போட்டால் அவள் துடுப்புச் சத்தம் காதில் விழாது.

“வீட்டுக்காரி!” என்று கத்தினார். பதில் இல்லை.

“என்னங்க இது, யாரைக் கூப்பிடுறீங்கன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க,” என்றார் பெட்டிஃபர். படித்தவர், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

கிடியன் ஒரு கணம் வாயைத் திறந்தபடி நின்றார். பிறகு கூப்பிட்டார்.

“ஒஸ்லா! ஒஸ்லா!”

கேட்டுவிட்டது. நீரோட்டம் அதற்குள் அவளை டிரிக்கைத் தாண்டி இழுத்துப் போயிருந்தது; வெளிக்கடல் பக்கத்துப் பனிக்குள்ளிருந்து அவள் குரல் தெளிவாக வந்தது. “கரையிலயே நில்லு கிடியன்! நான் டிரிக்குக்குப் போயிட்டுக் குரல் குடுக்கிறேன்!”

துடுப்பின் கிறீச்சொலி விலகத் தொடங்கியது. தண்ணீரின் மேல் நின்று கிடியன் அந்தப் பெயரைச் சொல்லவே மாட்டார் என்பது அவளுக்கு எழுதி வைத்த மாதிரி. பெயர் கேட்கிற பக்கம் கரை, அதற்கு எதிர்ப்பக்கம் படகு. அப்படிக் கணக்குப் போட்டுத்தான் அவள் குரலை விட்டு விலகித் துடுப்பு வலித்துக்கொண்டிருந்தாள். அவள் போன திசையில் நார்வே வரைக்கும் ஒன்றுமில்லை.

கிடியனுக்கு அது உடனே புரிந்தது. “நான் கரையில இல்லடி!” என்று கத்தினார். தூரத்தில் அது வெறும் இரைச்சலாகத்தான் போயிருக்கும். மறுபடியும் ஒஸ்லா, ஒஸ்லா என்று கத்தினார். கூப்பிடக் கூப்பிட அவள் விலகுவாள் என்று தெரிந்தும் அவர் வாய் அடங்கவில்லை. கடைசியில் தம் வாயையே கையால் பொத்திக்கொண்டார்.

துடுப்புச் சத்தம் நின்றிருந்தது. சத்தம் எட்டாத தூரத்துக்குப் போய்விட்டாள் என்றே நினைத்தார்.

கையை எடுத்துவிட்டு, அப்பாவிடம் கற்றதையெல்லாம் கத்தினார். “வீட்டுக்காரி! பாதக்காரி! நிமிர்ந்து நிக்கிறவர்! வீட்டுக்காரி!” மனிதருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பெட்டிஃபர் நிச்சயம் செய்துகொண்டு மெல்ல ஓரடி தள்ளி நின்றார்.

துடுப்பு மறுபடியும் கிறீச்சிட்டது. கிட்டே வந்தது. நீரோட்டத்தை எதிர்த்து வலித்து, ஒரு வழியாக ஒஸ்லா பனியைவிட்டு வெளியே வந்தாள். முகம் சிவந்து, தலைமுடியெல்லாம் நனைந்திருந்தது. கிடியன் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்து மேலே தூக்கினார்.

“பேரு காதுல விழுந்ததும், சரி, நீ யாரு படகுலயோ ஏறிக் கரைக்குப் போயிட்டேன்னு நெனச்சேன்,” என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டு.

“அப்ப ஏன் வலிக்கிறத நிறுத்துன? கடல்பேச்சு பேசறதுக்கு முன்னாடியே நிறுத்திட்டியே.”

“நீ திரும்பத் திரும்பக் கூப்பிட்டியா. கேக்கக் கேக்க எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு.” அவள் பாவாடையைப் பிழிந்தாள். “இத்தனை வருஷத்துல கரையில நீ என்னை அப்படிப் பதறிக்கிட்டு ஒருநாளும் கூப்பிட்டதில்லையே கிடியன்.”

குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். சொல்லிவிட்டு, அடுப்பில் வைத்த ஆட்டுக்கறி சூப் என்ன ஆயிற்றோ என்று கீழே இறங்கிப் போனாள்.