நாற்காலி கிளம்ப எவ்வளவு இழுவை

பதினோராம் வகுப்புக்கு விசைக் கணக்கு நடத்துகிறவள் நான். நிறையை முடுக்கத்தால் பெருக்கு, உராய்வுக்குக் கொஞ்சம் சேர், முடிந்தது கதை. இதில் தப்பு விட்டால் எனக்குச் சுர்ரென்று ஏறும். பிள்ளைகளுக்கு அது தெரியும்.

லாரி ஓட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரருக்கு விபத்தில் இடுப்புக்குக் கீழே விளங்காமல் போய் ஒரு வருசமாகிவிட்டது. தெருமுனை டீக்கடைக்கு யாரும் தள்ளாமல் தானாகப் போகவேண்டும், அது ஒன்றுதான் அவர் கேட்டது. தள்ளிக்கொண்டு போனால் வரமாட்டேன் என்று வீம்பு வேறு. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைக்காரர் ஒருவர் சக்கர நாற்காலிக்கு மோட்டார் பூட்டித் தர ஒத்துக்கொண்டார். "கெளம்பறப்ப எவ்வளவு இழுவை வெக்கட்டுங்க டீச்சர்?" என்றார்.

நாற்காலி, மோட்டார், பேட்டரி எல்லாவற்றையும் எடை போட்டேன். அவரை மட்டும் எடை போடவில்லை. எண்பத்தஞ்சு கிலோ என்றே கணக்கில் சேர்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து நான் கேலி பண்ணிவரும் எடை, எனக்குத் தெரியாதா?

பட்டறை வாசலில் என் வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து பொத்தானை அமுக்கினார். நாற்காலி வெடுக்கென்று பாய்ந்து கேட்டில் போய் இடித்தது.

"என்ன புள்ள, என்னையக் கொல்லப் பாக்கறயா?"

பட்டறைக்காரரைப் பிடிபிடியென்று பிடித்தேன். "நீங்க சொன்னதத்தானுங்க வெச்சிருக்கறேன்" என்று மோட்டாரைத் திறந்தே காட்டினார். இழுவை சரி. முடுக்கம் கூடுதல். அப்படியென்றால் நிறைதான் தப்பு.

பக்கத்துக் கோழித்தீவனக் கடை எடைமேடையில் நாற்காலியோடு அவரை ஏற்றினோம். நாற்காலிக்கு உண்டானதைக் கழித்தேன். ஐம்பத்தாறு.

திரும்பக் கழித்தேன், அதேதான். தினமும் அவரைக் கட்டிலிலிருந்து தூக்கி உட்கார வைப்பது நான்தான். முதலில் எனக்கு மூச்சு வாங்கும். போகப்போக லேசாகிவிட்டது. என் கைக்குப் பழகிவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். கடை வாசலிலேயே அழுகை வந்துவிட்டது.

இழுவையைக் குறைத்து வைத்தோம். நாற்காலி பதமாகக் கிளம்பியது. பட்டறையை ஒரு சுற்று சுற்றிவிட்டு என் முன்னால் வந்து நிறுத்தினார்.

"அப்ப எனக்கு மறுக்கா ஒடம்பு தேறிட்டா இது இழுக்காதா புள்ள?"

"இழுக்காதுங்க. மறுபடி கணக்குப் போட்டுக்கலாம். நீங்க மொதல்ல தேறுங்க."

அன்று சாயங்காலம் தனியாக டீக்கடைக்குப் போனார். அவர் வரும்வரை நான் வாசலை விட்டு நகரவில்லை. திரும்பி வந்தவர் உதட்டில் எண்ணெய் மினுங்கியது.

"ரெண்டு போண்டா" என்றார்.