எந்த நாய், எந்தத் தெரு

எனக்கு வருஷத்தின் எண் சொல்லத் தெரியாது. நடந்ததை வைத்துத்தான் சொல்வேன். பெருவெள்ளம் வந்து ஊரே தண்ணீரில் நின்றதே, அதற்கு அடுத்த வருஷம். ஒருநாள் ராத்திரி ஐந்நூறு ரூபாய் நோட்டும் ஆயிரம் ரூபாய் நோட்டும் செல்லாது என்று அறிவித்தார்கள். மறுமாதமே புயல் வந்து ஆவடி சாலையில் இருந்த தூங்குமூஞ்சி மரங்களையெல்லாம் சாய்த்துப் போட்டது. நோட்டுக்கும் புயலுக்கும் நடுவில் ஒரு காலையில்தான் பூங்கோதையம்மாவை முதன்முதலாகப் பார்த்தேன்.

போன செவ்வாய்க்கிழமை அவர் இறந்துவிட்டார். மறுநாள் சேக்காட்டுக் கடைவீதியில் ஃபிளெக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் பெரிய படமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குப் படிப்பு இல்லை. ஏதோ விருது வாங்கியிருக்கிறார் போல என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். டீக்கடை மாஸ்டரிடம் போய், "நம்ம ரிப்போர்ட்டரம்மாவுக்கு இன்னாப்பா குடுத்தாங்க?" என்று கேட்டேன். அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"நைனா, அவங்க பூட்டாங்க. நேத்து மார்வலியாம். ஆஸ்பத்திரி வரைக்கும்கூட போவல."

அந்தச் சந்தோஷம் மனதிலிருந்து இறங்குவதற்கே கொஞ்ச நேரம் ஆயிற்று. ஒரே நிமிஷத்தில் இரண்டும் எப்படி ஒரு மனிதனுக்குள் இருக்கும் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. நான் சொல்ல, என் மருமகள் இதை எழுதுகிறாள். அவர் நல்லவர் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் எனக்கும் அவருக்கும் நடுவில் தீராத கேள்வி ஒன்று இருக்கிறது. அவருடைய வேலை போனது என்னாலா, அவராலேயா? அதைச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொன்னால் பாதிதான் சொன்னதாகும்.

நான் நாய் வண்டியில் தெருநாய் பிடிக்கிற வேலை செய்தவன். நாங்கள் மூன்று பேர். வண்டி ஓட்டுகிறவர் கோதண்டம். என்னோடு பிடிக்கிறவர் முனுசாமி. எல்லோருக்கும் ஒரு கான்ட்ராக்ட்காரர் முதலாளி. நாயைப் பிடித்து, கருத்தடை ஆபரேஷன் செய்யும் இடத்தில் விட வேண்டும். அங்கே ஆபரேஷன் முடித்து, அடையாளத்துக்குக் காது நுனியில் சின்னதாக ஒரு வெட்டு வைப்பார்கள். நான்கைந்து நாள் கழித்து, பிடித்த தெருவிலேயே திரும்ப விட வேண்டும். சட்டம் அப்படி. எங்கள் வழக்கம் வேறு. வண்டி போகிற வழியில் எங்கே ஆள் இல்லையோ அங்கே கதவைத் திறந்துவிடுவோம்.

நான் முதலில் சொன்ன அந்தக் காலையில், பூங்கோதையம்மா சேக்காட்டில் எங்கள் வண்டிக்கு முன்னால் ஒரு ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு இறங்கினார். பருத்திப் புடவை, தோளில் துணிப்பை.

"நான் பேப்பர்ல கீறேன். வண்டிய தொறங்க, பாக்கணும்."

கோதண்டம் ஜன்னலிலிருந்து தலையை நீட்டினார். "பேப்பர்காரங்களா? நாயி பேட்டி குடுக்காதும்மா."

"அது குடுக்கும் அண்ணாத்தே. கழுத்த பாத்தாலே குடுக்கும்."

கம்பிச் சுருக்குப் போட்டுத்தான் அப்போது பிடிப்போம். கழுத்தில் தோல் உரிந்திருந்ததையெல்லாம் குனிந்து பார்த்தார். திட்டப்போகிறார் என்று நின்றேன். என் பக்கம் திரும்பி, "உங்க கைய காட்டுங்க நைனா" என்றார். இரண்டு கையையும் நீட்டினேன். கடிபட்ட தழும்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, இது எப்போது, ஊசி போட்டார்களா, யார் கூட்டிப்போனார்கள் என்று கேட்டார். அதுவரை என் கையைப் பற்றி யாரும் அப்படிக் கேட்டதில்லை.

மறுநாள் பேப்பரில் வந்ததை டீ மாஸ்டர் படித்துச் சொன்னார். கையுறை இல்லாமல் நாய் பிடிக்கிறவர்கள் என்று எங்களைப் பற்றி முதலில் எழுதிவிட்டு, அப்புறம்தான் சுருக்குக் கம்பியைப் பற்றி எழுதியிருந்தார். பத்து நாளில் கையுறை வந்தது, சுருக்கு போய் வலை வந்தது. நாய்க்காக எழுதினாரா எங்களுக்காக எழுதினாரா என்று நானும் முனுசாமியும் வெகுநாள் பேசிக்கொண்டிருந்தோம்.

அவர் பிறந்தது திருமழிசை. அப்பா கழனி வேலைக்காரர், பிற்பாடு எஸ்டேட் கம்பெனியில் காவல்காரர். காலை ஆறரைக்கெல்லாம் ஸ்கூட்டி கிளம்பிவிடும். முதலில் போலீஸ் ஸ்டேஷன், அப்புறம் அரசு ஆஸ்பத்திரி, அப்புறம் ஏதாவது ஆபீஸ் வாசல். பத்து மணிக்கு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, கட்டைவிரலாலேயே போனில் செய்தி அடித்து அனுப்புவார். ஒரு கையில் பொறை பிஸ்கட் இருக்கும். பாதி அவருக்கு, பாதி காலடியில் இருப்பதற்கு. ஆபீசில் அவருக்கு 'நாய் நிருபர்' என்று பேர் வைத்திருந்தார்களாம். "கொலை நியூஸு கேக்கறாங்க நைனா. இந்த ஏரியாவுல தெனமும் கொலைக்கு எங்க போவேன் நானு?" என்று சிரிப்பார்.

காட்டுப்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நாய்க்குச் சோறு வைப்பதைப் பற்றிச் சண்டை. எழுதுவதற்காகப் போனவரைச் சங்கத் தலைவர் கேட்டைத் திறக்காமல் நிறுத்தினார்.

"அவ்ளோ பாசம்னா உங்க வீட்டுக்கு இட்டுகினு போங்க மேடம்."

"ரெண்டு ஏற்கெனவே கீது சார். மூணாவதா உங்களயும் இட்டுகினு போலாம்னா ஊட்டுக்காரர் ஒத்துக்க மாட்டாரு."

வாட்ச்மேன் சிரித்துவிட்டு, சிரித்ததற்குப் பயந்து கேட்டைத் திறந்துவிட்டார். உள்ளே ஒரு பெண் தன் பிள்ளையை நாய் கடித்த இடத்தைக் காட்டி அழுதாள். வாதத்துக்கு வந்த பூங்கோதையம்மா அதை விட்டுவிட்டு, அந்தப் பிள்ளையை ஸ்கூட்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். அன்றைக்குச் செய்தியே அனுப்பவில்லை. "கடிச்ச நாய்க்கும் ஊசி வேணும், கடிபட்ட புள்ளைக்கும் ஊசி வேணும். இதுல நான் எந்தக் கட்சின்னு கேக்கறாங்க" என்றார்.

பிடித்த இடத்திலேயே நாயை விடச் செய்தவரும் அவர்தான். கோதண்டம் வைத்திருந்த ரிஜிஸ்டரில் எல்லா நாய்க்கும் நேராக 'ஆவடி' என்று மட்டும் இருக்கும். பூங்கோதையம்மா ரிஜிஸ்டரை மூடிவிட்டு, எது எந்தத் தெரு என்று என்னிடம் கேட்டார். கூண்டு கூண்டாகச் சொன்னேன். இது ரேஷன் கடைச் சந்து, இது பள்ளிக்கூடத்துச் சுவரோரம், இது பட்டாபிராம் இஸ்திரிக் கடை. நான் நிறத்தை வைத்துச் சொல்வதில்லை. வாலை எப்படிப் பிடிக்கிறது, ஆளை எப்படிப் பார்க்கிறது, அதை வைத்துத்தான். இரண்டு இடத்தில் போய் விசாரித்துவிட்டு வந்து, "ரிஜிஸ்டர் வாணாம், நைனா வாய் போதும்" என்றார்.

எனக்கும் முனுசாமிக்கும் எழுத்துத் தெரியாததால் அவரே ஒரு முறை ஏற்படுத்தினார். தையல் கடையிலிருந்து வெட்டுத்துணி வாங்கி வருவார். சேக்காட்டு நாய்க்குச் சிவப்பு, பட்டாபிராம் நாய்க்கு நீலம், இன்னொரு பகுதிக்கு மஞ்சள். நான் விரலால் காட்டுவேன், கோதண்டம் நாயைப் பிடித்துக்கொள்வார், பூங்கோதையம்மா அதன் கழுத்தில் துணியைக் கட்டிவிட்டு, நான் சொன்னதைத் தன் நோட்டில் குறித்துக்கொள்வார். விடுகிற அன்றைக்கு நிறத்தைப் பார்த்து விடுவோம். நாலு வருஷம் ஒரு நாய்கூடத் தெரு மாறிப் போகவில்லை. அதைப் பற்றி அவர் பேப்பரில் எழுதினார். என் பேரும் வந்தது. என் மருமகள் அதை வெட்டி பீரோவுக்குள் வைத்திருக்கிறாள்.

கொரோனா ஊரடங்கு முதல் தடவை தளர்ந்து, பஸ் மறுபடி ஓட ஆரம்பித்த சமயம். ஒரே நாளில் இரண்டு செம்பழுப்பு நாய்கள் வந்தன. இரண்டுக்கும் நெற்றியில் வெள்ளைக் கோடு. ஒன்று பட்டாபிராம், ஒன்று சேக்காடு. மயக்க ஊசி போட்டிருந்ததால் இரண்டும் வாலை மடித்துப் படுத்திருந்தன. நான் சொன்னேன், அவர் கட்டினார். ஐந்தாம் நாள் கொண்டுபோய் விட்டோம். எல்லாம் சரியாகத் திரும்பின என்று அவர் அன்றே செய்தி அனுப்பினார்.

சேக்காட்டில் விட்டது பட்டாபிராம் நாய். தெரிந்த தெரு இல்லை, தெரிந்த ஆள் இல்லை. தெருவில் இருந்த நாய்கள் துரத்தின. அது ஷேர் ஆட்டோவுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. பூக்காரம்மா ஒருவர் கூடையை எடுக்கக் குனிந்தார். பயத்தில் கையைக் கடித்துவிட்டது. நாலு பேர் பைப்பை எடுத்துக்கொண்டு வந்தார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கழுத்தில் சிவப்புத் துணி அப்படியே இருந்தது. பட்டாபிராம் இஸ்திரிக்காரர் வந்து பார்த்துவிட்டு, "எங்க செம்பிதாம்மா" என்று மட்டும் சொன்னார்.

கான்ட்ராக்ட்காரர் என்னை நிறுத்திவிடப் பார்த்தார். ஆனால் அதற்குள் பூங்கோதையம்மா அவரிடமும் தன் ஆபீசிலும் போய்ச் சொல்லிவிட்டார்: "நைனா சரியாத்தான் சொன்னாரு. நான்தான் துணிய மாத்திக் கட்டிட்டேன். செய்தியும் நான்தான் தப்பா குடுத்தேன்." பேப்பரில் திருத்தம் வந்தது, என் வேலை தப்பியது. அதோடு அவர் அந்தப் பேப்பரில் எழுதுவதும் நின்றது. பிறகு ஒரு சின்ன வாரப் பத்திரிகைக்கு எழுதினார். காலை ஆறரைக்கு ஸ்கூட்டி கிளம்புவது மட்டும் நிற்கவில்லை. பூக்காரம்மாவை ஊசிக்கு அழைத்துப்போனதும் அவர்தான், தவணை தவறாமல்.

எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது. அன்று முனுசாமி போட்டிருந்த கட்டம் போட்ட சட்டை, கோதண்டம் ஒழுங்காகப் பிடிக்காமல் மயங்கிய நாயின் தலை நழுவியது, அவர் பல்லால் துணியைக் கிழித்தது. "இது சேக்காடு, அது பட்டாபிராம்" என்று நான் சொன்ன குரல்கூட எனக்குக் கேட்கிறது. ஆனால் 'இது' என்று சொன்னபோது என் விரல் எந்த நாயைக் காட்டியது என்பது மட்டும் வரமாட்டேன் என்கிறது. அந்த இடத்தில் வந்து நின்றுவிடுகிறது.

அவரைப் பார்த்தபோதெல்லாம் கேட்டேன். ஒரு தடவை டீக்கடையில் அழுத்தியே கேட்டேன்.

"நெசமா சொல்லும்மா. நான் மாத்திச் சொன்னேனா?"

"நீ சரியாத்தான் சொன்ன நைனா."

"அப்ப நீ மாத்திக் கட்டுற ஆளா? நாலு வருசத்துல ஒண்ணுகூட மாத்தலியே."

போனை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "செத்தது செம்பி. நம்ம ரெண்டு பேர்ல யாருன்றது அதுக்கு வாணாம். அடுத்த நாய்க்குத்தான் வேணும். இனிமே ரெண்டு தபா கேட்டுக் கட்டுவோம், வுடு."

அது ஆறுதலா, கண்டிப்பா? அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. நான் வண்டியில் இருந்த கடைசி நாள் வரை ஒவ்வொரு நாய்க்கும் அவர் இரண்டு தடவை கேட்டார். பேப்பர் இல்லாதபோதும் வந்து கேட்டார்.

அவரை எடுக்கிற அன்று திருமழிசைக்குப் போனேன். வண்டி ஓட்டுவதை விட்டபின் கோதண்டமும் அங்கேதான் குடியிருக்கிறார்; கூட்டத்தில் கண்ணில் படவில்லை. வெடி வேண்டாம் என்று அம்மாவின் வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டதால், வாங்கி வந்த சரத்தை வண்டியிலேயே வைத்துவிட்டார்கள். தெரு நாய்களெல்லாம் வந்து அழுதன என்று யாரோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பார்க்கவில்லை. ஒன்று மட்டும் சாமியானா நிழலில் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் காதில் வெட்டு இருந்தது. உடலை எடுத்துப் போகும்போதும் அது எழுந்திருக்கவில்லை. எல்லோரும் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள்.

அவருடைய வீட்டுக்காரரிடம், துணி கட்டிய அந்த நாளின் நோட்டைக் கேட்டேன். எடுத்து வந்து படித்தார். நான் சரியாகச் சொன்னதாகவே எழுதியிருந்ததாம். "ஆனா இந்தப் பக்கம் மட்டும் வேற மையில, நிதானமா எழுதினாப்ல கீது நைனா. அன்னிக்கே எழுதினாளா, பின்னால எழுதினாளான்னு எனக்குச் சொல்லத் தெரியல" என்றார்.

ஆகையால் இதைப் படிக்கிற பத்திரிகைக்காரர்களுக்கும், என் ஞாபகத்தை மெச்சினவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். தப்பு என்னுடையதாகவும் இருக்கலாம். அப்படியானால், அவர் சொன்ன ஒரே பொய் எனக்காகச் சொன்னது. அவருடைய பேருக்குப் பக்கத்தில் இதையும் எழுதி வையுங்கள்.

போய்ச் சேருங்கள் அம்மா. நீங்கள் விடச் சொன்னதை என்னால் விட முடியவில்லை. நாளைக் காலை மறுபடியும் திருமழிசை பஸ் ஏறப் போகிறேன். அன்று அந்த இரண்டு நாய்களுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் நான்கு பேர். முனுசாமி கொரோனாவின் இரண்டாம் அலையில் போனார். இப்போது நீங்கள் போய்விட்டீர்கள். என் விரலைப் பார்த்த கண்ணோடு இன்னும் உயிரோடு இருப்பவர் ஒரே ஒருவர்தான். நாயைப் பிடித்துக்கொண்டிருந்த கோதண்டம்.