சிவப்பு வெளுத்த குடுவை

எண்பதுகளில், சிங்கப்பூரின் துவாஸ் தொழிற்பேட்டையில் ஒரு பெயிண்ட் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் நான் வேதியியலாளர். இரண்டு வகை மூலக்கூறுச் சங்கிலிகளை முனையோடு முனை இணைத்துத் தகுந்த எண்ணெயில் விட்டால், அவை தாமாகவே ஒன்றுகூடி நுண்துகள்களாகும். அதைச் செய்வதுதான் என் வேலை.

முதல் சங்கிலி உயிரோடு இருக்கும்வரை குடுவை மாதுளைச் சாறுபோலச் சிவந்திருக்கும். நம் ஊர் ஈரக்காற்று பட்டால் சங்கிலி செத்துவிடும். மாதக்கணக்கில் தோற்றபின் ஒரு காலையில்தான் அந்தச் சிவப்பு நிலைத்தது. இரண்டாவது சங்கிலிக்கான திரவத்தை ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

அப்போது மேலாளர் சாமுவேல், தலைமையக விருந்தினர்களோடும் கேமராவோடும் உள்ளே வந்தார்.

"இந்த ரப்பர் மூடி, டியூப் எல்லாம் அசிங்கமா இருக்கு. கழட்டும்மா, போட்டோ நல்லா வரணும் லா."

"சார், காத்து பட்டா எல்லாம் போயிடும்."

"ஒரு நிமிஷம்தானே!" என்று அவரே கழற்றினார்.

சிவப்பு வெளிறியது, மஞ்சளானது, கடைசியில் வெறும் தண்ணீர்போல ஆனது. விருந்தினர்கள் கைதட்டினார்கள். ஏதோ வித்தை என்று நினைத்துவிட்டார்கள்! சாமுவேல் தலைகுனிந்து அதை ஏற்றுக்கொண்டார். ஊசியைப் பிடித்தபடி நானும் பல்லைக் காட்டினேன்.

அடுத்த விருந்தினர் குழு வருவதற்கு முன் சாமுவேல் என் மேசைக்கு வந்தார்.

"அந்த ரெட் கலர் மேஜிக்க ரெடி பண்ணி வைம்மா. எல்லாருக்கும் பிடிச்சுப்போச்சு."

"ரெண்டாவது சங்கிலி, சார்?"

"அதெல்லாம் அப்புறம் பாக்கலாம்."

பிறகு எத்தனையோ முறை அந்தச் சிவப்பை வரவழைத்தேன். மூடியையும் நானே கழற்றினேன். நுண்துகள் மட்டும் அங்கே உருவாகவே இல்லை.

வேலையை விட்ட அன்று சாமுவேல் என்னை "நம்ம மேஜிக் லேடி" என்றார். அதற்கும் கைதட்டினார்கள்.