சித்தியின் நோய்க்கு நான்தான் காரணம்

சித்தி படுத்துவிட்டபோது அதற்குக் காரணம் யார் என்று கொச்சி மட்டாஞ்சேரியில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். மற்றவர்கள், பாவம், தேடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது.

சித்தி என் அம்மாவின் தங்கை. சித்தப்பாவுக்குக் கப்பலில் வேலை என்பதால் எங்களோடுதான் இருந்தாள். பாண்டிகசாலை என்கிற மிளகுக் கிடங்கில் முறத்தால் புடைத்துத் தூசு நீக்குவாள். வரிசையாக உட்கார்ந்திருக்கும் அத்தனை பெண்களிலும் கைவேகம் அவளுக்குத்தான், வாய்வேகமும் அவளுக்குத்தான். அப்படிப்பட்டவள் ஒரே வாரத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டாள். தலை வாரவில்லை, பேசவில்லை. சாயா கிளாசைக் கையில் கொடுத்தால் ஆறிப்போகும்வரை அப்படியே பிடித்துக்கொண்டிருப்பாள். மாதம் நாலு ஆயிற்று.

மிளகுத் தூசு மண்டைக்கு ஏறிவிட்டது என்றார் அப்பா. முனிசிபாலிட்டியில் வேலை பார்ப்பவர், எதற்கும் தூசுதான் காரணம் அவருக்கு. பக்கத்து வீட்டுச் சேச்சி யாரோ கண் வைத்துவிட்டதாகச் சொன்னாள். ஊரிலிருந்து வந்த கடிதம் குலதெய்வத்தைச் சொன்னது. எண்ணெய் வந்தது, மந்திரித்த கயிறு வந்தது, எலுமிச்சம்பழம் வந்தது. வெறும் சோம்பேறித்தனம் என்று தெருவில் சிலர் சுருக்கமாக முடித்துக்கொண்டார்கள். அம்மா மட்டும் எதுவுமே சொல்லவில்லை.

நானும் சொல்லவில்லை. சொன்னால் முதுகுத்தோல் உரிந்துவிடும். எங்கள் தெருத் தமிழர்கள் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு முளைப்பாரி போடுவார்கள். பெண்கள் சட்டியில் பயறு விதைத்து இருட்டறையில் வைத்து வளர்ப்பார்கள். வெளிச்சம் படக் கூடாது, குழந்தைகள் எட்டிப் பார்க்கக் கூடாது. முளை கெட்டால் விதைத்தவளுக்குக் கேடு. ஐந்தாம் நாள் மத்தியானம் நான் கதவைத் திறந்து, ஆசை தீரப் பார்த்தேன், திரும்பும்போது சரியாக மூடவும் இல்லை. கதவோரம் இருந்தது சித்தியின் சட்டி. மற்றவர்களுடையதெல்லாம் வெளிர்மஞ்சளாய் ஒரு முழம் வளர, அவளுடையது பச்சையாய்க் குட்டையாய் நின்றது. ஊர்வலத்தில் அதைத் தலையில் சுமந்து வந்தபோது பெண்கள் ஒருவர் காதில் ஒருவர் குசுகுசுத்தார்கள். அடுத்த வாரம் சித்தி படுத்தாள். இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கடைசியில் சேச்சியே மனம் மாறி, அக்கரையில் இதற்கென்று ஒரு டாக்டர் இருக்கிறார், காட்டுங்கள் என்றாள். ஒரு சனிக்கிழமை காலை போட் ஏறி எறணாகுளம் போனோம். என்னைத் தனியாக வீட்டில் விட முடியாது என்று கூட்டிக்கொண்டு போனார்கள். சித்தியின் கை என் கைக்குள் ஈரத்துணி மாதிரி கிடந்தது.

டாக்டர் ஒரு அம்மா. எங்கள் தமிழும் அவருடைய மலையாளமும் கலந்து பேச்சு நடந்தது. தூக்கம், பசி, மாதவிலக்கு என்று ஒன்றுவிடாமல் கேட்டார். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி வந்ததுண்டா என்றார். என் தாத்தா மாதக்கணக்கில் மூலையில் உட்கார்ந்திருந்ததையும், அதை மறைத்து முதுகுவலி என்று ஊரில் சொன்னதையும் அம்மா மெல்லச் சொன்னாள். எப்போது தொடங்கியது என்று டாக்டர் கேட்டதும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"நான்தான் டாக்டரே. நான்தான் கதவைத் திறந்தேன்."

முளைப்பாரிக் கதை முழுவதையும் கொட்டினேன். டாக்டர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்கு இன்றும் பிடிக்கும். அடி விழும் என்று தோளைச் சுருக்கிக்கொண்டு நின்றேன். அடி விழவில்லை. அம்மாதான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவள் இல்ல டாக்டரே, நான்தான். போன வருஷம் தங்கச்சிக்குக் கொச்சு பிறந்து அன்னைக்கே போயிடுச்சு. பாத்தா தாங்கமாட்டாளுன்னு மொகத்தைக் காட்டாமலே பொதைக்கக் கொடுத்தனுப்பிட்டேன்."

அப்பா தொண்டையைச் செருமினார். வீட்டில் இருந்தால் அழுதுகொண்டே இருப்பாள் என்று பதினைந்தாம் நாளே அவளை வேலைக்கு விரட்டியது தான்தான் என்றார். அப்பா தரையைப் பார்த்துப் பேசி அன்றுதான் பார்த்தேன்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். இது நோய், தண்டனை இல்லை என்றார். இரத்தத்தில் வருவது கொஞ்சம், பிரசவத்துக்குப் பின் உடம்பில் ஏற்படும் மாற்றம் கொஞ்சம், அடக்கிவைத்த துக்கம், தூக்கமின்மை, புருஷன் தூரத்தில் இருப்பது எல்லாம் சேர்ந்து வந்தது என்றார். ஆள் மேல் ஆளாக ஏறிப் போட் சாய்ந்தால், கடைசியாக ஏறியவனை மட்டும் பிடித்து உதைப்பீர்களா என்று அப்பாவைக் கேட்டார். குழந்தையின் முகத்தைக் காட்டியிருக்கலாம் என்று அம்மாவிடம் சொன்னார், ஆனால் அது அன்பினால் செய்தது, இங்கே யாரும் குற்றவாளி இல்லை என்றார்.

அப்போதுதான், நாலு மாதமாய் வாய் திறக்காத சித்தி பேசினாள்.

"அப்போ என்மேலயும் தப்பில்லையா?"

"இல்ல. ஒரு தப்பும் இல்ல."

சித்தி டாக்டரைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். போட் ஜெட்டிக்கு வந்ததும் சாயா வேண்டும் என்று கேட்டு வாங்கி, சூடாகவே குடித்தாள். அப்பா யாரும் கேட்காமலே இன்னொன்று வாங்கி வந்தார்.

டாக்டர் கொடுத்த மாத்திரை வேலை செய்ய வாரங்கள் ஆயின. நடுவில் இரண்டு தடவை மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பினாள், விடாமல் அக்கரைக்குக் கூட்டிப்போனோம். ஒரு நாள் காலை என் பின்னலைப் பிடித்து இழுத்து, இது தலையா குருவிக்கூடா என்று சத்தம் போட்டாள். சமையலறையிலிருந்து அம்மா ஓடிவந்தாள். நான் திட்டு வாங்கியதைக் கொண்டாட வீட்டில் அன்று பாயசம் வைத்தார்கள். அடுத்த மாதம் சித்தி பாண்டிகசாலைக்குத் திரும்பியபோது பெண்கள் முறத்தைத் தட்டி வரவேற்றார்களாம். சாயங்காலம் அவள் தெருவில் நடந்து வந்த நடையைப் பார்க்க வேண்டுமே. சோம்பேறித்தனம் என்று சொன்னவர்களின் வாசல்களில் ஒவ்வொன்றாக நின்று, சௌக்கியமா என்று கேட்டுவிட்டு வந்தாள்.

எனக்கு மட்டும் ஒரு மனக்குறை இருந்தது. நான் என் குற்றத்தைச் சொல்லிவிட்டேன், அம்மா சொன்னாள், அப்பாவும் சொன்னார். சித்தி தன்மேல் தப்பில்லையா என்று கேட்டாளே தவிர, என்ன தப்பு என்று சொல்லவேயில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளிடமே கேட்டுவிட்டேன்.

"தெரியலையே மோளே," என்றாள். "ஆனா ராப்பகலா அதையேதான் நெனச்சுக் கெடந்தேன்."

எல்லாரையும் சொல்லவிட்டு இவள் மட்டும் மறைக்கிறாளே என்று எனக்கு ஒரே கோபம். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.